கடல்பாசியில் ஒரு வெள்ளைக் கோடு

கோபாலபுரத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். வராந்தாவில் பழக்கமான குரல் கேட்டது. அடையாறில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் உதவியாள் அப்துல் கஃபார்.

“இன்னா சிஸ்டர், இன்னிக்கி எத்தினி?”

“ஒண்ணே ஒண்ணுதான் பாய்.”

“சரி, குடு. ஐஸு கரையுது.”

பிரசவத்துக்குப் பின் விழும் நஞ்சுக்கொடியை வாங்கிப்போக அவர் தினமும் சைக்கிளில் வருவார். அன்றைய அந்த ஒன்று என்னுடையது என்று அவருக்குத் தெரியாது.

என்னுடையது என்று சொல்வதும் சரியில்லை. தாயின் வயிற்றில் ஒட்டியிருந்தாலும் நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி குழந்தையின் உறுப்பு. ஒரே கருதான் பிரிந்து பிரிந்து ஒரு பக்கம் பிள்ளையாகவும் இன்னொரு பக்கம் நஞ்சுக்கொடியாகவும் வளர்கிறது. அதில் சுரக்கும் புரதங்கள் பிள்ளையின் உடம்பில் உள்ள மரபணுக் குறிப்பின்படி உண்டானவை. ஆராய்ச்சிக்கு இந்த மனிதப் புரதம் வேண்டுமென்றால் எங்களுக்கு அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

என் மகன் உயிரில்லாமல் பிறந்தான். என்னிடம் காட்டவில்லை. தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் என் கணவர் சுயம்புலிங்கம், கடையிலிருந்து புது மல் துணி வரவழைத்து, அதில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அப்படிப் பிறந்த பிள்ளைக்குப் பெயர் இல்லை, சடங்கு இல்லை, படமும் இல்லை. முகம் யாரைப்போல இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

“நான் பாக்கல பாரதி. துணி மூடிக் கெடந்துச்சு. மனசப் போட்டு உழப்பாத” என்றார்.

விடுப்பு முடிந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது அந்த நஞ்சுக்கொடியின் புரதம் ஃப்ரீஸரில் இருந்தது. வழக்கமாக நாலைந்து நஞ்சுக்கொடிகளைச் சேர்த்துத்தான் அரைப்போம். அன்று ஒன்றுதான் வந்தது என்பதால் உடன் வேலை பார்க்கும் வேம்பு அதைத் தனியாகவே அரைத்து, சுத்தம் செய்து, ஒரு சின்னக் குழாயில் உறைய வைத்திருந்தார். அது யாருடையது என்று சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“தெரியாதே ஜெயபாரதி! தெரிஞ்சா தொட்டிருப்பேனா? ஆத்துக்கு எடுத்துண்டு போயிடுங்கோ.”

கொண்டுபோய் என்ன செய்ய? கரண்ட் போகும்போதெல்லாம் உருகும், மறுபடி உறையும். ஒவ்வொரு முறையும் புரதம் கொஞ்சம் கெடும். “முயலுக்கு ஊசி போடலாம்” என்றேன்.

முயலின் ரத்தம் அந்நியப் புரதத்தைக் கண்டால் அதைப் பிடிப்பதற்கென்றே அச்சாகப் பொருந்தும் எதிர்ப்பொருளை உண்டாக்கும். உள்ளே போன புரதம் மறைந்த பிறகும் அந்த ரத்தம் அதை மறக்காது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். என் மகனின் புரதத்தில் அவனுக்கு மட்டுமே உரிய ஏதாவது இருந்ததா?

அதைப் பார்க்க வழி இருக்கிறது. கடல்பாசியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, ஆறியதும் மூன்று துளை போட வேண்டும். கஃபார் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “எங்கூட்டுல நோன்பு தொறக்க இத்தையே பாலு, சக்கரை போட்டுக் காய்ச்சுவாங்கோ. நீங்க துன்னாம ஓட்டை போட்டுக்கினு கீறீங்களேம்மா!”

ஒரு துளையில், சில வாரம் ஊசி போட்ட பிறகு எடுத்த முயலின் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர். இன்னொன்றில் என் மகனின் கடைசிச் சொட்டு. மூன்றாவதில் வேறொரு குழந்தையுடையது. மூன்றும் மெல்லக் கசிந்து பரவும். புரதமும் எதிர்ப்பொருளும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். இரண்டு குழந்தைகளின் புரதமும் ஒன்றானால் இரண்டு கோடுகளும் வில்லைப்போல வளைந்து சேர்ந்துவிடும். என் மகனுடையதில் மட்டும் ஏதாவது தனியாக இருந்தால், அவன் கோடு அந்தச் சந்திப்பைத் தாண்டி ஒரு சின்ன வால் நீட்டும்.

“அபூர்வமா வரும். ஆனா வரணும்னு வேண்டிக்காதேங்கோ” என்றார் வேம்பு. “வால் வந்தா, நம்ம சரக்கு சுத்தமில்லேன்னும் சொல்லுவா.”

நான் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை கணவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். தட்டில் விரலால் வரைந்தும் காட்டினேன். இட்லி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆய்வுக்கூடத்தில் தட்டை விளக்குக்கு மேல் பிடித்தேன். கோடு இருந்தது. இந்தத் துளையிலிருந்து அந்தத் துளைவரை, பிசிறில்லாமல், ஒரே வளைவாக. திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தேன்.

“ஒரே கோடு! இதைவிட சுத்தமா யாரும் எடுக்க முடியாது!” என்று வேம்பு கத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். அமெரிக்காவில் பாக்டீரியாவைக் கொண்டே மனித இன்சுலின் செய்துவிட்டார்கள் என்ற செய்தி அந்த மாதம்தான் வந்திருந்தது. யாரிடமிருந்து எடுத்தாலும், எதற்குள் வைத்துச் செய்தாலும் மனிதப் புரதம் ஒன்றுதான் என்பதில் எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டரோடு கணவர் நின்றிருந்தார்.

“வந்துச்சா?”

“இல்ல. மத்த பிள்ளைய மாதிரியேதான் இருக்கான்.”

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கிளப்பிய வண்டியை அவர் அணைத்தார். திரும்பவில்லை.

“இடது காது” என்றார். “மேல சின்னதா மடிஞ்சிருந்துச்சு. விரலால நிமித்திப் பாத்தேன் பாரதி. நிக்கல. மறுபடி மடிஞ்சுக்கிடுச்சு.”