வார்டனின் இடது கால்

கோர்மென் என்ற வீடியோ விளையாட்டில் கிழவன் என்று எவனும் கிடையாது. மூன்று பாகங்களையும் முடித்தவள் என்ற முறையில் முஃபீதா அதை அடித்துச் சொல்வாள். ஆனால் கீதன் அனுப்பிய குரல் பதிவில் ஒரு கிழவன் வந்தான்.

"மூண்டாம் பாகத்தில அந்தக் கிழவனைக் குறைவா நினைக்கக் கூடாது. மெதுவாத்தான் வருவார். ஆனா வாள் பட்டுதெண்டா முடிஞ்சுது."

நேரில் கண்டவன் போல நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனான். நுரைச்சோலையிலிருந்து முந்தலுக்குப் போகும் வழியெல்லாம் அவள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பாலாவியில் பஸ் மாறியபோதும் காதிலிருந்து எடுக்கவில்லை.

இருவரும் சேர்ந்து யூடியூப்பில் ஒரு சானல் நடத்துகிறார்கள். பாகம் பாகமாக வந்த விளையாட்டுகளைத் தமிழில் ஒப்பிட்டுப் பேசுவார்கள். கதையும் பாத்திரங்களும் அவள் பொறுப்பு, சண்டை முறை கீதன் பொறுப்பு. அவன் முன்னேஸ்வரத்தில் இருக்கிறான். போர்க் காலத்தில் வன்னியிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். வேலை எல்லாம் போனிலேயே நடக்கும். வீடியோவுக்கான குரல் பதிவுக்கு மட்டும் இருவருக்கும் நடுவழியான முந்தலில், அவளுடைய அண்ணன் அன்ஸார் நானாவின் கம்ப்யூட்டர் கடைப் பின்னறையில் கூடுவார்கள்.

முன்பொரு தடவை விளையாட்டில் வரும் ஓர் ஊரின் பெயரை மாற்றிச் சொன்னதற்காக, 'வெளையாடாமலே கதைக்கிற ஆக்கள்' என்று ஒருவன் எழுதிவிட்டுப் போனான். அந்த ஒரு வரி அவர்களைப் பல மாதம் துரத்தியது. வீடியோ போட்டால் அதன் கீழே முதல் கேள்வியே, இதையாவது விளையாடினீர்களா என்பதுதான். இப்போதுதான் ஆட்கள் மெல்லத் திரும்பி வந்திருக்கிறார்கள். இல்லாத கிழவன் ஒருவன் இன்றைய பதிவில் போனால் சானலை மூடிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். கீதன் மூன்றாம் பாகத்தைத் தொடவே இல்லை, யாருடைய வீடியோவையோ அரைகுறையாகப் பார்த்து ஒப்பிக்கிறான் என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. அப்படியென்றால் இன்றோடு அவனை விலக்கிவிடுவது என்றும் முடிவு செய்தாள். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

கடையில் அன்ஸார் யாருடைய பிரின்டரையோ பிரித்துப் போட்டிருந்தான். பின்னறையில் கீதன் மைக்கைப் பொருத்திக்கொண்டிருந்தான். முஃபீதா மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு ஆரம்பித்தாள்.

"கீதன், மூணு பாகத்துச் சண்டையையும் சுருக்கமா ஒருக்காச் சொல்லுங்களே. எனக்கு முன்னுரைக்குத் தேவை."

"முதலாம் பாகம் தாயம் மாதிரி. நான் ஒருக்கா, அவன் ஒருக்கா. யோசிச்சு யோசிச்சு அடிக்கலாம். ரெண்டாம் பாகத்தில நேரம் ஓடும். நீங்கள் யோசிச்சுக்கொண்டு நிண்டா அவன் அடிப்பான். மூண்டில முறையும் இல்ல, நேரமும் இல்ல. கை ஓடினாத்தான் உயிர்."

"கேடயம்?"

"மூண்டில கேடயம் வச்சிருக்கிறவன் முட்டாள். விலகத்தான் வேணும்."

பதில்கள் சரியாகத்தான் இருந்தன. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. நன்றாகப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவள் கதைப் பக்கம் திரும்பினாள்.

"கடைசியில அந்த எதிரி வார்டன் முகமூடியக் கழட்டுற இடம் எப்படி?"

கீதன் மைக் வயரைச் சுற்றுவதை நிறுத்தினான். "நல்லாத்தான் இருந்தது."

"யாரோட முகம் அது?"

"அதுதான்... அந்தக் கிழவன்ர."

"கீதன்." அவள் குரலில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. "அந்த வெளையாட்டுல கிழவனே இல்ல. நீங்க மூணாம் பாகம் வெளையாடவே இல்ல."

"என்ன கதைக்கிறியள்? முடிச்சிட்டுத்தான் இருக்கிறன்!"

"பொய்."

"கிழவன் எண்டு எழுதினதே நீங்கள்தானே!" அவன் போனைத் தேடி எடுத்து, அவள் அனுப்பிய கதைக் குறிப்பை அவள் முன்னாலேயே வாசித்தான். "'வார்டன் வேற யாருமில்ல, நம்ம ஹீரோ இசோலோட தாத்தா, ரெண்டாம் பாகத்துல காணாமப் போன ஆள்.' இது ஆர் எழுதினது?"

"நான்தான். தாத்தாதானே? மாரெத்!"

"ஓம், தாத்தா. அதைத்தானே நானும் சொல்றன்?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னாலிருந்து அன்ஸாரின் சிரிப்பு வந்தது. கையில் ஸ்க்ரூ ட்ரைவரோடு அறை வாசலுக்கு வந்தான்.

"அட, ஒங்க ரெண்டு பேரையும் வச்சுத்தானா ஊரு வெளையாட்டுப் படிக்குது? கீதன் தம்பி, எங்கட ஆக்களுக்குத் தாத்தா எண்டா மூத்த சகோதரி. ஒங்களுக்கு அக்கா. முந்தல்ல கடை வச்சிருந்தா இதெல்லாம் தெரிஞ்சிரும். தாத்தாவுக்குச் சார்ஜர் வேணுமெண்டு ஆராவது வந்தா, வந்தது ஆரெண்டு பாத்துட்டுத்தான் நான் கேப்பேன், எந்தத் தாத்தாவுக்கெண்டு."

கீதன் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்காவோ? சிங்களத்தில தாத்தா எண்டா அப்பா. அதையும் யோசிச்சனான். ஆனா நடையப் பாக்கக் கிழவன் மாதிரியே இருந்தது."

"முகமூடியக் கழட்டயில பாக்கல்லயா?"

அவன் தரையைப் பார்த்தான். "கதைக் காட்சி வந்தா நான் தள்ளித்தான் விடுறனான். எல்லாப் பாகத்திலயும். எனக்குச் சண்டைதான்."

இதையும் அவள் நம்பவில்லை. கதையைத் தள்ளிவிட்டேன் என்பது, விளையாடாதவனுக்கு எவ்வளவு வசதியான சாக்கு! "நடை எண்டீங்க. என்ன நடை?"

"இடது காலை இழுத்து இழுத்து வருவார். வருவா. அந்தக் கால் இழுபடேக்க மட்டும்தான் அடிக்கலாம். மற்ற நேரம் கிட்டப் போகேலாது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு கிழமை போட்டுது."

இரண்டாம் பாகத்தில் அணைக்கதவு விழுந்து நசுங்கியது மாரெத்தின் இடது கால். அந்தக் காட்சியில்தான் முதல் பாகத்தின் பொம்மைகள் மனிதர்களானார்கள் என்று அவள் எழுதியிருந்தாள். இன்றைய பதிவின் முடிவே, மூன்றாம் பாகம் அந்தக் காலை மறந்துவிட்டது, பாத்திரத்துக்குத் துரோகம் செய்துவிட்டது என்பதுதான். அதற்குத் தலைப்பும் வைத்தாயிற்று.

"மூணாம் பாகத்துல மாரெத் நல்லாத்தான் நடக்கிறா," என்றாள். "நீங்க கண்டது வேற எதையாவதாக்கும்."

"உங்கட கம்ப்யூட்டரில இருக்குத்தானே? தாங்கோ, காட்டுறன்."

மறுக்க அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. கீதன் மடிக்கணினியை இழுத்து, அவளுடைய சேமிப்பிலிருந்து கடைசிச் சண்டையைத் திறந்தான். பாழடைந்த அணை, மழை, தூரத்தில் வார்டன். அவன் விசையில் விரலை வைக்க முன்னரே இசோல் பாய்ந்தான். வாள் சுழன்றது, கமரா எங்கோ உயரத்துக்குப் போனது, மின்னல் போல நாலைந்து வெட்டு, திரையில் வெற்றி என்று விழுந்தது.

கீதன் கைகளைத் தூக்கிக் காட்டினான். "நான் ஒண்டும் செய்யேல்ல. தானா அடிக்குது."



"தானியங்கிச் சண்டை போட்டிருக்கிறியள்," என்றான். குரலில் கேலி இல்லை, அதுதான் சுட்டது. "இந்தப் பாகம் முழுக்கவோ?"

சண்டை தொடங்கினால் அவள் எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவாள். திரும்பி வரும்போது அடுத்த காட்சி தயாராக இருக்கும். அதில் ஒரு பிழை இருப்பதாக இதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. கதை அவள் பொறுப்பு, சண்டை அவன் பொறுப்பு.

"அல்லாஹ்வே," என்றான் அன்ஸார். "ஒரு ஆள் கண்ண மூடி வெளையாடியிருக்கிற, மத்த ஆள் கையக் கட்டி வெளையாடியிருக்கிற." தலையை ஆட்டிக்கொண்டே பிரின்டரிடம் போனான்.

முஃபீதா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். தானியங்கியை அணைத்தாள். மழைக்குள்ளிருந்து வார்டன் வந்தாள், இந்தத் தடவை கமரா மேலே போகவில்லை. வலது கால் ஓர் அடி வைத்தது. இடது கால் ஈர மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு பின்னால் வந்தது. முஃபீதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். வாள் வந்தது தெரியவில்லை. இசோல் விழுந்தான்.

"கண்டியளோ?"

"ஓம். நொண்டுறா." என்றாள் முஃபீதா. "இண்டைக்குப் பதிவு வேணாம். முடிவைத் திரும்ப எழுதணும்."

"முழுக்க விளையாடிப்போட்டு எழுதுங்கோ."

"நீங்களும் காட்சியெல்லாம் பாத்துட்டு வாங்க."

"பாக்கிறன்." அவன் சிறிது யோசித்தான். "முஃபீதா, முதலாம் பாகத்தில இந்தத் தானியங்கி இல்லத்தானே?"

"இல்ல."

அது உண்மைதான். ஆனாலும் அவன் அதை நம்புவானா என்ற சந்தேகத்தோடு அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை மறுபடி தொடங்கியது. கீதன் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"நீங்கள் விளையாடுங்கோ. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

அது துணையா காவலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.