மூச்சுக்குக் காவல்

ராங்கெல் தன் மீசையை எடுத்த அன்று அதைப் பார்க்க வீட்டில் யாரும் இல்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று முதலில் கத்தரிக்கோலால் நறுக்கினான். பிறகு சோப்பு நுரை போட்டு, சவரக்கத்தியை மெல்ல இழுத்தான். ராணுவத்திலிருந்து திரும்பிய கையோடு வளர்த்த மீசை அது. வாயின் இரு பக்கமும் இறங்கித் தாடையைத் தொடும். டான்யூப் கரையிலுள்ள ரூசே நகரத்தில் அவன் ஓட்டும் டிராலிபஸ்ஸில் ஏறுகிற கிழவிகள்கூட "மீசைக்காரன் வண்டி வருது" என்றுதான் சொல்வார்கள். கழுவிவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் தெரிந்தவனை அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மேலுதடு வெளுத்து, ஊருக்குப் புதிதாக வந்தவனைப் போல் நின்றது.

தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் புது மாஸ்க்குக்காகத்தான் இதெல்லாம். இலையுதிர் காலத்தில் ஒரு நாள், சந்தைக்கு முன்னால் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியவன் அப்படியே தூங்கிப்போனான். பச்சை விழுந்து, மறுபடி சிவப்பு விழுந்து, பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஊளையிட்டன. ஒரு பெண் வந்து தோளை உலுக்கிய பிறகுதான் கண் திறந்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றே அவனை வண்டியிலிருந்து இறக்கி, டிப்போவில் சாவி கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். பரிசோதித்துப் பார்த்த டாக்டர், தூக்கத்தில் அவன் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்றுவிடுகிறது என்றார். உடம்பு பதறி எழுப்புகிறதாம். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இரவெல்லாம் யாரோ கழுத்தைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தால் மனிதன் பகலில் எப்படி விழித்திருப்பான்?

முதலில் கொடுத்தது மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க். மெஷினிலிருந்து ஒரு குழாய் வழியாகக் காற்று வந்து தொண்டையைத் திறந்து வைக்கும். ஆனால் தூக்கத்தில் அவன் வாய் பிளந்துகொண்டது. மூக்கில் போன காற்று வாய் வழியாகத் திரும்பி ஓடியது. காலையில் நாக்கு செருப்புத் தோல் போல் காய்ந்திருக்கும், மாஸ்க் கட்டிலுக்கடியில் கிடக்கும். எப்போது பிடுங்கி எறிந்தான் என்று அவனுக்கே தெரியாது. அதனால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க்காக மாற்றினார்கள். அதை ஆஸ்பத்திரியில் அவனுக்கு மாட்டிப் பார்த்த இஸ்க்ரா என்ற பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. மாஸ்க் நல்லாத்தான் இருக்கு. உங்க மீசைதான் ஒட்ட விடமாட்டேங்குது. காத்து பூரா அது வழியா ஓடுது."

"பாதி மீசை வெச்சுக்கலாமா?"

"பாதி மூச்சு போதும்னா வெச்சுக்கங்க."

ராங்கெல் சிரித்துவிட்டான். அவளே இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள். ராத்திரி படுக்கையில் நேராக மாட்டினால் பயம்தான் வரும். பகலில், விழித்திருக்கும்போது, டிவி பார்த்துக்கொண்டு போட்டுப் பழக வேண்டும். முகத்துக்குப் பழகட்டும், பிறகு மனசுக்குப் பழகும்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மீசையில்லாத முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதல் நிமிஷங்கள் ஓடுகிற வண்டியின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியது போல இருந்தன. மூச்சை வெளியே விடப் போனால் எதிரே வருகிற காற்று நெஞ்சிலே கைவைத்துத் தள்ளியது. எதிர்த்து ஊதாதீர்கள் என்று இஸ்க்ரா சொன்னதை நினைத்துக்கொண்டு தோளைத் தளர்த்தினான். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு தோப்ரி, திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தட்டில் ஊறுகாயோடு உள்ளே வந்தான்.

"ஐயோ கடவுளே! என்னடா, விமானம் ஓட்டப் போறியா?"

ராங்கெல் மாஸ்க்கைக் கழற்றினான். தோப்ரியின் கண் இன்னும் பெரிதானது.

"மீசை எங்கடா?"

"எடுத்துட்டேன்."

"எவ கேட்டா?"

"ஆஸ்பத்திரில ஒரு பொண்ணு கேட்டா."

"இந்த வயசுலயா! வெனேதாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

"சொல்லாத. மூஞ்சிய துணியால மூடிக்கிட்டுப் பேசு. இல்லன்னா திருடன் பூந்துட்டான்னு அங்கிருந்தே போலீஸுக்குப் போன் போடுவா."

வெனேதா அவன் மனைவி. இத்தாலியில் திரெவிசோவுக்குப் பக்கத்தில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். அவர்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு பெண்ணாவது அப்படி வேலைக்குப் போயிருக்கிறாள். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவர்கள்தான் எல்லோரும். வெனேதா போவதற்கு வெகு முன்பே இருவரும் தனித்தனி அறையில்தான் படுத்தார்கள். ராங்கெலின் குறட்டை மூன்று மாடி கேட்கும். முதலில் முழங்கையால் இடித்துப் பார்த்தாள், பிறகு காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள், கடைசியில் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகளுடைய பழைய அறைக்குப் போய்விட்டாள். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. மறுநாள் காபி போடும்போது "நல்லாத் தூங்கினேன்" என்றாள், அவ்வளவுதான். அந்த "நல்லாத் தூங்கினேன்" அவனுக்கு ஏனோ உறுத்தியது.

அன்று மாலை போனில் முகத்தைக் காட்டினான். அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

"யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்க."

"நான்தான் வெனேதா."

"தெரியுது. உங்கப்பா மாதிரியே இருக்க. நீ மீசை வெச்சதுக்குக் காரணம் இப்பதான் புரியுது, வாய் கோணல்."

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"கிட்ட வந்து பாத்துச் சொல்றேன். ஈஸ்டருக்கு வர்றேன், லீவு குடுத்துட்டாங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "புது மாஸ்க் போட்டா குறட்டை இல்ல. சத்தமே இல்ல. நீ அந்த ரூமுக்குப் போக வேண்டியதில்ல."

"பாக்கலாம், பாக்கலாம்," என்றாள். ஆனால் அவள் சிரித்ததைப் பார்த்தான்.

அதன்பிறகு அவன் அந்த மாஸ்க்கோடு மல்லுக்கட்டியதற்கு ஒரு நோக்கம் வந்துவிட்டது. மூக்குத் தண்டு சிவந்து புண்ணானது. வயிற்றில் காற்று புகுந்து, டிப்போவில் வரிசையாக ஏப்பம் விட்டான். மாஸ்க்கின் வாரை இறுக்கினால் கன்னம் வலித்தது, தளர்த்தினால் காற்று கண்ணில் அடித்தது. ஒவ்வொரு காலையும் அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி ஜன்னலோரம் காயவைத்தான். பிறகு ஒரு நாள் கண் விழித்தபோது திரைச்சீலை முழுக்க வெளிச்சமாக இருந்தது. மாஸ்க் முகத்திலேயே இருந்தது. எழுந்து உட்கார்ந்தான். தலையில் கனமில்லை. வெளியே லிண்டன் மரக் கிளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. இத்தனை வருஷமாக உலகத்தை அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சமையலறைக்குப் போனான். மேஜை, ஒற்றைக் கோப்பை, அணைந்த ரேடியோ. தூக்கக் கலக்கத்தில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிக் கழிந்தன என்றே அவனுக்குத் தெரியாது. சோபாவில் சாய்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். இப்போது தெளிந்த மூளையோடு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அவன் முன்னால் கிடந்தது. டான்யூப் கரைவரை நடந்துவிட்டு வந்தான். அப்போதும் மத்தியானம் ஆகவில்லை. வீட்டில் தனியாக இருக்கிறோம் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை வெனேதா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூட்டத்துக்கு நடுவே நின்று அவன் மேலுதட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "கோணல் இல்ல, பரவால்ல," என்றாள். வழக்கம்போல் அன்றே முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போட்டார்கள். கொசுனாக் என்ற ஈஸ்டர் இனிப்பு ரொட்டியை அவளே பிசைந்தாள். பயணக் களைப்பு, பிசைந்த களைப்பு. படுக்கப் போகும்போது தலையணையை எடுத்துக்கொண்டு பெரிய அறைக்கே வந்தாள். ராங்கெல் புதுப் போர்வை விரித்து வைத்திருந்தான்.

மாஸ்க்கை அவள் முன்னால் மாட்டிக்கொள்ளத்தான் வெட்கமாக இருந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு மாட்டினான். மெஷின் ஓட ஆரம்பித்ததும் அவள் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். விளக்கை அணைத்தாள். அவன் தூக்கத்தில் இறங்கும்போது நெஞ்சில் ஒரு கை வந்து படிந்தது. கொஞ்ச நேரம் இருந்தது, போனது. பிறகு எப்போதோ மறுபடி வந்தது. கனவா நிஜமா என்று கேட்க அவன் விழித்துக்கொள்ளவில்லை. விழித்தால் கை போய்விடுமே என்று அப்படியே கிடந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவன் தூங்கி எத்தனையோ காலமாகிவிட்டது.

காலையில் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். இமைகள் வீங்கியிருந்தன.

"தூங்கலியா?" என்றான்.

"இல்ல."

"சத்தம் வந்துச்சா? குறட்டையா?"

"நீ நல்லாத் தூங்கின. சத்தமே இல்ல." காபிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "அந்த மெஷின்தான், ராங்கெல். அங்க நான் பாத்துக்கற அல்வீசே தாத்தாவுக்கும் அதே மாதிரி ஒண்ணு. அவருக்கு நுரையீரல் போச்சு, அதுதான் மூச்ச உள்ள தள்ளுது. இதே புஸ்ஸு புஸ்ஸு சத்தம். அவரு புரண்டா மாஸ்க் நகரும், சத்தம் மாறும். மாறுனா நான் எந்திரிக்கணும். எந்திரிக்கலன்னா அவரு காலைல இருக்க மாட்டாரு."

ராங்கெல் எதிரே உட்கார்ந்தான்.

"கண்ண மூடினா அங்க இருக்கற மாதிரியே இருக்கு. நீ மூச்சு விட்டா எண்ணறேன். விடலன்னா பயப்படறேன். கைய வெச்சுப் பாத்தேன். நெஞ்சு ஏறுதா எறங்குதான்னு."

"அது... நீ அதுக்காகவா கை வெச்ச?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் குரல் தணிந்தது.

"தெரியலப்பா. நெசமாத் தெரியல. முதல் தடவ உன் மேலதான் வெச்சேன். அப்பறம் கை தன்னால போச்சு. உன்மேலதான் வெச்சிருக்கேனா, அவரு மேலயான்னு எனக்கே புரியல."

"மெஷின நிறுத்திடறேன். நீ இருக்கற வரைக்கும் வேண்டாம்."

"பைத்தியமா? அப்பறம் நெஜமாவே மூச்சு நிக்கும். அதையும் நான் உக்காந்து கேக்கணுமா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்ததும் அவள் எழுந்து கோப்பையைக் கழுவப் போனாள். அன்று முதல் அவள் மகளுடைய அறையில் படுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, காலை வெகுநேரம் வரை, அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். காபி போட்டு வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான். ஈஸ்டர் ஞாயிறன்று தோப்ரி ராக்கியா என்ற பழச்சாராயத்தோடு வந்தான். முட்டைக்கு முட்டை மோதி விளையாடினார்கள். தோப்ரியின் முட்டைதான் உடையாமல் ஜெயித்தது. ஜெயித்தவனுக்கு வருஷம் முழுக்க ஆரோக்கியம் என்பது நம்பிக்கை. "ஆரோக்கியம் பூரா எனக்குத்தான். நீங்க ரெண்டு பேரும் மெஷின் வெச்சுப் பொழச்சுக்கங்க," என்றான். வெனேதா அவன் தலையில் செல்லமாகக் குட்டினாள்.

மத்தியானங்களில் இருவரும் பெரிய அறையில் சேர்ந்து படுத்துக்கொண்டார்கள். மெஷினைத் தொடாமல், தூங்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு மகளைப் பற்றியும் செத்துப்போன உறவுக்காரர்களைப் பற்றியும் பேசினார்கள். பேசிக்கொண்டே அவள் கண் அயர்ந்தால் அவன் அசையாமல் கிடப்பான். தன் கண்ணும் செருகினால் எழுந்து போய்விடுவான். தூங்கினால் குறட்டை வந்துவிடுமே.

அடுத்த வாரம் அவளைப் பஸ்ஸேற்றிவிட்டான். வசந்தம் முடிவதற்குள், அவன் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அவன் மறுபடி வண்டி ஓட்டினான். நன்றாக ஓட்டினான். கிழவிகளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. புது ஆளா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போனில் சொன்னான்: "எனக்கு லீவு கிடைக்கும். நான் வேணா அங்க வர்றேன். மெஷின் ஒரு பைக்குள்ள அடங்கிடும்."

"எங்க படுப்ப? எனக்கு இருக்கறது ஒரு சின்னக் கட்டில். சுவத்துக்கு அந்தப் பக்கம் தாத்தா. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு ஓடினா நான் எதக் காதுல வாங்கறது?"

"தரையில படுத்துக்கறேன். பகல்ல உன்கூட இருக்கலாம்ல."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது; காற்று எங்கோ பிரிந்து ஓடுகிற சீறல். ராங்கெலுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. வார் நழுவியிருக்கிறது, இடது பக்கம்.

"இரு, வந்துடறேன்," என்று போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினாள்.

போனில் ஒரு வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. அடுத்த அறையில் அவள் இத்தாலிய மொழியில் மெதுவாக என்னவோ சொன்னாள். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. குழந்தையிடம் பேசுவது போன்ற குரல். சீறல் குறைந்து, நின்று, மூச்சு ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கியது. ராங்கெல் போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அவள் திரும்பி வரும்வரை அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.