எதிர்க்காற்று

ஆறாவது எறிதலுக்காக மார்லிஸ் டுவோராக் வளையத்துக்குள் கால் வைத்ததும் காற்று நின்றுவிட்டது. காலை முழுவதும் ஓக்லஹோமாவின் சமவெளியைப் புரட்டிக்கொண்டிருந்த காற்று. அதற்காகவே வட்டெறிபவர்கள் ஆயிரம் மைல் கார் ஓட்டி இந்தப் புல்வெளிக்கு வருகிறார்கள். ஓட்டக்காரர்களுக்குக் காற்று உதவினால் சாதனை செல்லாது. வட்டுக்கு அப்படியொரு விதி இல்லை. எதிரே வரும் காற்று வட்டை ஒரு சிறகைத் தாங்குவதுபோல் தாங்கி, விழ வேண்டிய இடத்தில் விழவிடாமல் சற்றுத் தள்ளிக் கொண்டுபோகும். ஆனால் அதற்கு வட்டு தாழ்ந்த கோணத்தில் கையைவிட்டுப் போக வேண்டும். முன்விளிம்பு தூக்கிக்கொண்டால் அதே காற்று அதை நிறுத்திக் கீழே போட்டுவிடும்.

தேசியத் தேர்வுப் போட்டிக்கு அறுபத்திரண்டு மீட்டர் வேண்டும். தகுதி பெறக் கடைசி நாள் இன்று. இது கடைசி எறிதல். அவளுடைய சிறந்த எறிதல் அறுபத்தொன்று எண்பத்தெட்டு. குறைவது அரைச் சாண். முப்பத்துமூன்று வயதில், நான்காண்டு கழித்து வரும் அடுத்த தேர்வைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

ஐந்தாவது எறிதலில் வட்டு ஆகாயத்தில் செங்குத்தாக நின்று, ஐம்பத்தெட்டில் விழுந்தது. கயிற்றுக்கு அப்பால் நின்ற பயிற்சியாளர் ஆர்வில் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, கார் ஜன்னல்ல கைய நீட்டிக் காட்டி, காத்து எப்படித் தூக்குதுன்னு பசங்களுக்குப் பாடம் எடுக்குறியே, அத ஒன் கைக்கும் ஒரு வாட்டி எடேன்."

"என் கை கிளாஸுக்கு மட்டம் போட்டுடுது, ஆர்வில்."

"ஆசை வந்தா ஒனக்குத் தோள் மேல ஏறிக்குது. தூரத்த நெனைக்காத. தோளக் கீழ வை."

ஒரு பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவளுக்கு இதில் தெரியாதது எதுவுமில்லை. தெரிந்திருப்பதுதான் அவளை உறங்கவிடாமல் செய்தது.

ஓர் எறிதலுக்கு ஒரு நிமிடம். இப்போது, எல்லோரும் செய்வதைப் போல, அவளும் முகத்தில் காற்றுப் படட்டும் என்று காத்திருந்தாள். வட்டைத் துண்டால் துடைத்தாள். துடைத்ததையே மீண்டும் துடைத்தாள். கால்களை மாற்றி வைத்தாள். கடிகாரம் முப்பதைக் கடந்து இறங்கியது.

"காத்து செத்துடுச்சு!" ஆர்வில் கத்தினார். "இனிமே வராது. ஒசத்தி எறி, மார்லிஸ்! இப்பவே எறி!"

காற்றில்லாத நேரத்துக்கு அது சரியான அறிவுரை. உயர்த்தி எறிந்தால் நிச்சயமாக ஐம்பத்தொன்பது. நிச்சயமான ஐம்பத்தொன்பதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அப்போதுதான் எதிரே, மைதான வேலிக்கு அப்பால், கோதுமை வயலில் காற்றுக்குக் கதிர்கள் சாயும் ஒரு வளைவு எழுந்து இந்தப் பக்கம் நகர்வதைக் கண்டாள். இருநூறு மீட்டர். வினாடிக்கு ஏழு மீட்டர் என்று வைத்தால், அவள் முகத்தைத் தொட இருபத்தெட்டு வினாடிக்கு மேல் ஆகும். கடிகாரத்தில் இருந்தவை பதினெட்டு. முதலில் மனம் சோர்ந்தது, பிறகு திடுக்கிட்டது. காற்று அவளிடம் வரவேண்டியதில்லை. வட்டு இறங்கத் தொடங்கும் இடத்துக்கு, அறுபது மீட்டர்க் கோட்டுக்கு, வந்தால் போதும். அதற்கு இருபதே வினாடி. நிமிடம் முடிவதற்குள் சுழலத் தொடங்கிவிட்டால் எறிதல் செல்லும்.

நடுவர் மஞ்சள் கொடியை உயர்த்தினார். இன்னும் பதினைந்து வினாடி.

"ஏம்மா, தூங்குறியா? எறி!"

அவள் திரும்பவில்லை. கணக்கு பிழைத்தால், தாழ எறிந்த வட்டு ஐம்பத்தைந்தில் புல்லைத் தொடும். மூன்று. இரண்டு. சுழன்றாள். தோளைக் கீழேயே வைத்திருந்தாள். அதை உயர்த்தச் சொல்லி உடல் முழுவதும் மன்றாடியது.

வட்டு தட்டையாகப் போயிற்று.

"ஐயோ, தாழ்ந்துபோச்சே!" ஆர்விலின் குரல் உடைந்தது.

வளையத்தின் விளிம்பில் ஒற்றைக்காலில் தள்ளாடியபடி, வெளியே விழாமல் தன்னைப் பிடித்துக்கொண்டு, மார்லிஸ் பார்த்தாள். அவளைச் சுற்றி ஒரு புல்லும் அசையவில்லை. வியர்வையில் ஒட்டிய முடி கழுத்திலேயே கிடந்தது. தொலைவில், அறுபது மீட்டர்க் கோட்டருகே, விழும் இடத்தைக் குறிக்க நின்ற கிழட்டு நடுவர் ஒரு கையால் தொப்பியைத் தலையோடு அழுத்திப் பிடித்தார். பிறகு, வட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னோக்கி நடக்கத் தொடங்கினார்.