பட்டன் மேலே இருக்கணும்

துரைக்கண்ணு ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சியை இரண்டு அங்குல நீளத்துக்கு ஒடித்து, அதை வைத்தே மாமனாரின் டீசல் எஞ்சினை ஒழித்துக்கட்டினான். நாற்பது நிமிடம் ஆனது. அவனைக் கேட்டால், அந்த நாற்பது நிமிடமும் எஞ்சினைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாகத்தான் சொல்வான்.

அவனுக்குத் திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை. தலைமை ஆசிரியர் அவன்தான். வேறு ஆசிரியர் கிடையாது. கல்யாணமாகி எட்டு மாதம். மாசித் தேருக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்ததால் சிங்கவரத்தில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தான். தேரன்று காலையில் வீடே மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, மாமனார் இளையபெருமாள் மட்டும் கிளம்ப மனமில்லாமல் நின்றார். ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பூ முடிந்து விழுது இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் மண்ணுக்குள்ளே காய் பிடிக்காது. பிடித்தாலும் பருப்பில்லாத பொக்காகத்தான் இருக்கும். கரண்ட் மோட்டாருக்கு மனுப் போட்டு நாலு வருஷமாக அவர் காத்திருந்தார். இருந்தது அந்த டீசல் எஞ்சின் ஒன்றுதான்.

"நீங்க போய்ட்டு வாங்க மாமா. எஞ்சின நான் பாத்துக்கறேன்" என்றான் துரைக்கண்ணு. விரல் நுனியால் பிழைக்கிறவன் என்று அந்த வீட்டில் யாரும் தன்னை நினைத்துவிடக் கூடாது என்பது அவனுடைய வெகுநாள் கவலை.

இளையபெருமாள் மாப்பிள்ளையின் சலவை வேட்டியைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். கலெக்டரே வந்து கேட்டாலும் "ஒனக்கு இது வராதுய்யா" என்று சொல்லிவிடக்கூடிய மனிதர்தான் அவர். ஆனால் வந்து கேட்டது மாப்பிள்ளை. ஹேண்டில் போட்டுச் சுற்றி அவரே எஞ்சினை ஓட விட்டார். மடை திருப்பப் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் சொல்லிவைத்தார். பிறகு எஞ்சினின் பக்கவாட்டில் குமிழ் போல நின்ற ஒரு சின்னப் பித்தளைப் பட்டனைக் காட்டினார்.

"இந்தப் பட்டன் மேல இருக்கணும் மாப்பிள. அவ்ளோதான்."

இன்னொரு வாக்கியம் அவர் தொண்டை வரை வந்தது. ஒரே நாளில் மாப்பிள்ளைக்கு இரண்டு உத்தரவு போடுவது மரியாதையா என்று யோசித்தாரோ என்னவோ, அதை விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அரை மணி நேரம் பட்டன் மேலே இருந்தது. அப்புறம், தூக்கம் வருகிறவனின் தலை மாதிரி, மெள்ள மெள்ள இறங்கியது. துரைக்கண்ணு அதை நகத்தால் நெம்பி மேலே தூக்கினான். விட்டதும் இறங்கியது. மறுபடி தூக்கினான், மறுபடி இறங்கியது. அவனுடைய இன்ஸ்டிட்யூட்டில் மூன்றாம் நம்பர் மெஷினில் ஒரு எழுத்து அழுத்தினால் எழுந்திருக்காது. தீக்குச்சி ஒன்றை முட்டுக் கொடுத்து ஐந்து வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த அனுபவம் இங்கே கைகொடுத்தது. மூலையில் கிடந்த விளக்குமாற்றில் ஒரு குச்சியை உருவி, ஒடித்து, பட்டனுக்குக் கீழே செருகினான். பட்டன் நிமிர்ந்து நின்றது. எதிரே ராஜகிரி மலையும் நிமிர்ந்து நின்றது. நடுவில் துரைக்கண்ணு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, உலகத்தில் எல்லாமே இருக்க வேண்டிய உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டான்.

பிறகு எஞ்சினுக்குள் யாரோ பாத்திரம் போட்டு உடைப்பது போல ஒரு சத்தம் கேட்டது. புகை வந்தது. சக்கரம் ஒரு உதறு உதறி நின்றது. அப்போதும் பட்டன் மேலேயே இருந்தது. அதுதான் அவனுக்குப் புரியவில்லை.

சாயங்காலம் இளையபெருமாள் வந்து எஞ்சின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. பட்டனைப் பார்த்தார். குழந்தையின் காலிலிருந்து முள்ளை எடுப்பது போல ஈர்க்குச்சியை இரண்டு விரலால் எடுத்தார். பிறகு நிலப் பத்திரத்தை வைப்பது போல ஷெட்டுக் கூரையில் பத்திரமாகச் செருகினார்.

"பழைய எஞ்சினு மாப்பிள. அதுக்கும் வயசாவுதுல்ல."

"பட்டன் மேலதான் இருந்துது மாமா. நான் கண்ண எடுக்கவே இல்ல."

"ஆமா, ஆமா. பாத்தேன்."

அன்றைக்கு வீட்டில் நாட்டுக்கோழி அடித்தார்கள். ஒருவன் ஓட்டிய எஞ்சின் நின்றுபோனதற்கு எதற்குக் கோழி என்று அவனுக்கு விளங்கவில்லை. மாமியார் ரத்தினம்மாள் ஈரல் துண்டைத் தேடி எடுத்து அவன் இலையில் வைத்தார். "எவளோ கண்ணு வச்சிட்டா. நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க, சாப்புடுங்க."

மறுநாள் செஞ்சியிலிருந்து மெக்கானிக் அன்வர் பாஷா சைக்கிளில் சாமான் பெட்டியோடு வந்தார். எஞ்சினின் பக்கத்து மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். வெளியே வந்த பேரிங், அடுப்பில் மறந்துவிட்ட வெல்லம் மாதிரி உருகி இழுத்திருந்தது.

"யோவ், எவன்யா இத..." என்று ஆரம்பித்தார்.

இளையபெருமாள் இருமினார். அன்வர் பாஷா நிமிர்ந்து பார்த்தார். கூரைப் பக்கம் போன மாமனாரின் கண்ணையும், சலவை வேட்டியோடு நின்ற மாப்பிள்ளையையும் பார்த்தார். வாக்கியத்தை அப்படியே வேறு பக்கம் திருப்பினார். "...எவன்யா இத இவ்ளோ வெயில்ல வச்சது? சூடு சார். மாசி வெயில் சும்மாவா."

"ஷெட்டுக்குக் கூர இருக்குதே பாய்?"

"கூரைக்கும் சேத்துத்தான் சார் சூடு."

துரைக்கண்ணு கூரையைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

அவனுடைய தொழிலில் இப்படிக் கிடையாது. ஒரு பெண் தாளில் ஒரு எழுத்துத் தப்பாக அடித்தால், சிவப்பு மையில் அந்த எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவான். அவள் அழுவாள், அடுத்த தாளில் சரியாக அடிப்பாள். இங்கே வயசு என்கிறார்கள், கண் என்கிறார்கள், சூடு என்கிறார்கள். வட்டம் போட ஆள் இல்லை. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவி தனகோட்டியிடம் போய் நின்றான்.

"உண்மையச் சொல்லு. நான் எதனா தப்புப் பண்ணிட்டனா?"

தனகோட்டி ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா கேள்வி இது. நைனா எதனா சொல்லிச்சா?"

"சொல்லலியே. அதான் பயமா இருக்குது."

"சொல்லலன்னா வுடுங்க. மத்தியானத்துக்கு முட்ட வறுக்கட்டுமா?"

கோழி, ஈரல், இப்போது முட்டை. தன் நிலைமை ரொம்ப மோசம் என்று மட்டும் துரைக்கண்ணுவுக்குத் தெரிந்தது.

எஞ்சினின் கிராங்க் லேத் பட்டறைக்குப் போனது. வர ஐந்து நாளாகும். மல்லாட்டை அவ்வளவு நாள் தாங்காது. செடிகள் மத்தியானத்தில் இலையை மடக்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. அன்வர் பாஷா தனக்குத் தெரிந்தவரிடம் சொல்லி, தொண்டூரிலிருந்து அதே மாதிரி பட்டன் வைத்த ஒரு பழைய எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார். ஒரு பகலுக்கு மட்டும். பொழுது சாய்வதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இளையபெருமாள் ரத்தினம்மாளிடம் சன்னமாகச் சொன்னது துரைக்கண்ணு காதில் விழுந்தது: "நம்முளுது போனா நம்மளோட போச்சு. ஊரான் எஞ்சினு இது. இதுக்கும் எதனா ஆச்சுன்னா தொண்டூர் பக்கம் தல காட்ட முடியாதுடி."

கூலிக்கு ஆள் தேடினால் பாதி ஊர் இன்னும் மேல்மலையனூரிலேயே இருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரரும் அங்கே போயிருந்தார். மடை திருப்ப ஒருவர் வேண்டும், எஞ்சினண்டை ஒருவர் வேண்டும். இருந்தவர்கள் இரண்டே பேர். மடை திருப்புவது துரைக்கண்ணுவுக்கு எப்படியும் வராது.

"நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும் மாப்பிள. ஒண்ணும் தொடவே வாணாம்."

"பட்டன்?"

மாமனார் முகம் பல்வலி வந்தது போலக் கோணியது. "பட்டன்... அது மேல இருக்கும் மாப்பிள."

"இல்லன்னா?"

"அது இருக்கும் மாப்பிள" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டார்.

துரைக்கண்ணு யோசித்தான். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு ஒரு ஆள் எதற்கு? போன தடவை நடந்ததில் எது தப்பு என்று தெரியாததால் எல்லாவற்றையும் திருத்திவிடுவது என்று தீர்மானித்தான். சூடு என்றார் பாய். சாக்கு ஒன்றை நனைத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். கண் என்றார் மாமியார். எலுமிச்சம்பழத்தில் மிளகாய் கோத்துக் கட்டினான். வயசுக்கு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மிச்சம் இருந்தது ஈர்க்குச்சி. மாமா எஞ்சினிலிருந்து எடுத்த ஒரே சாமான் அதுதான். ஆகவே குச்சி வைத்ததுதான் தப்பு. இனிமேல் குச்சி கிடையாது.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இளையபெருமாள் வந்தார். முதலில் பட்டனைப் பார்த்தார், அப்புறம் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், புன்னகை செய்துவிட்டுப் போனார். மூன்று தடவை அப்படி நடந்தது. நாலாம் தடவை அவர் வரவில்லை. கோடிப் பாத்தியில் கரை உடைத்துக்கொண்டு தண்ணீர் ஓடைக்குப் போக, மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பட்டன் இறங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

துரைக்கண்ணுவின் கை விளக்குமாற்றுப் பக்கம் போய்த் திரும்பியது. குச்சி கூடாது. சரி. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பட்டனைக் கவ்வி மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டான். எஞ்சினின் அதிர்வு விரல் வழியாக ஏறிப் பல் வரைக்கும் வந்தது. ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை தன் இரண்டு விரலில் தொங்குவதாக அவனுக்குத் தோன்றியது. பொழுது சாயும் வரை இப்படியே நிற்பது என்று முடிவு செய்தான். ஒரு மாப்பிள்ளை இதைவிட என்ன செய்துவிட முடியும்?

"மாமா!" என்று கத்தினான். "கவலப்படாதீங்க! பட்டன நான் புடிச்சிக்கினு இருக்கேன்!"

கொல்லைக் கோடியில் இளையபெருமாள் நிமிர்ந்தார். மண்வெட்டி ஒரு பக்கம் போனது, துண்டு ஒரு பக்கம் போனது. ஐம்பத்தைந்து வயது மனிதர் வரப்பு வரப்பாகத் தாண்டி ஓடி வந்தார்.

"டேய்! வுட்றா அத! லீவர அமுக்கி நிறுத்துடா எஞ்சின! அறிவுகெட்டவனே, நிறுத்துடா!"

துரைக்கண்ணு முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. எட்டு மாதமாக அவன் காதில் விழுந்ததெல்லாம் வாங்க, உக்காருங்க, சாப்புடுங்க, படுங்க. ஆகவே அந்த 'டேய்' தனக்குத்தான் என்று புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் எஞ்சினை நிறுத்தும் லீவரை அமுக்கினான்.

சத்தம் அடங்கியது. குழாய் வாயில் தண்ணீர் மெலிந்து நின்றது. இளையபெருமாள் மூச்சு வாங்கிக்கொண்டே சக்கரத்தைக் கையால் திருப்பினார். லேசாகச் சுற்றியது. "அங்காளம்மா" என்றார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். நுனியில் பொட்டு மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது. எஞ்சினுக்கு அடியில் மண் கறுப்பாக நனைந்திருந்தது.

"பாத்தியா? ஆயில் பூரா ஒழுவிப்போச்சு. டேய், அந்தப் பட்டன் எஞ்சினுக்கு ஒரு வேலையும் செய்யாதுடா. உள்ள ஆயில் அழுத்தமா ஏறினா அது தானா மேல வரும். ஏறலன்னா எறங்கும். எறங்குனா உடனே நிறுத்தணும், அதுக்குத்தான் அத வச்சிருக்கான். நிறுத்திட்டா எஞ்சினு பொழச்சிக்கும். இல்லன்னா இரும்பும் இரும்பும் தேஞ்சு பேரிங் உருகிப்பூடும். ஜொரக்காரனுக்கு டாக்டர் வக்கிற கண்ணாடிக் குச்சிய ஒதறி எறக்கிட்டா ஜொரம் போயிடுமாடா?"

துரைக்கண்ணு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான். இரண்டு நாளாகத் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த மூட்டம் ஒவ்வொரு 'டா'வுக்கும் கொஞ்சம் கலைந்தது.

கசிந்த இடத்தில் நட்டை முறுக்கினார்கள். தகர டின்னிலிருந்து ஆயிலைத் துணியில் வடித்து ஊற்றினார்கள். இந்தத் தடவை துரைக்கண்ணுவே ஹேண்டில் போட்டான். சலவை வேட்டியின் வெள்ளை போன வழி தெரியவில்லை. டுப், டுப் என்று எஞ்சின் பிடித்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, பட்டன் யாரும் தொடாமல் தானாக எழுந்து நின்றது. குழாயில் தண்ணீர் கொட்டியது. வாய்க்கால் நிறைந்து மல்லாட்டைப் பக்கம் போனது.

அப்போதுதான் இளையபெருமாளுக்குத் தான் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். இடுப்பில் துண்டைத் தேடினார். துண்டு கொல்லைக் கோடியில் கிடந்தது.

"மாப்பிள... பதட்டத்துல என்னமோ வாய் தவறிப்போச்சு. நீங்க..."

"அது கெடக்குது மாமா. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வயசுன்னீங்க, சூடுன்னாரு பாய், கண்ணுன்னாங்க அத்த. நம்ம எஞ்சினு ஏன் போச்சு?"

இளையபெருமாள் ராஜகிரியைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்திக் கூரையில் துழாவி, அந்த இரண்டு அங்குல ஈர்க்குச்சியை எடுத்து மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீதான்டா ஒடச்ச" என்றார்.