பாத்துக்கொள்ளுங்கோ

என் மனுசன் றொமேசின் வலது காலைத் திருக்கை மீன் முள் தின்றுவிட்டது என்று முல்லைத்தீவுக் கரையில் எல்லாரும் சொல்கிறார்கள். திருக்கைமேல் ஏன் வீண்பழி? வலை இழுத்த இவரை அது ஒரு குத்துக் குத்திவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டது. கால் போனது ஆஸ்பத்திரியில்.

வீக்கம் கணுக்காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. டொக்டர் யோகநாதன் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே நீலப் பேனையால் ஒரு கோடு போட்டார். வீக்கம் அதைத் தாண்டினால் உடனே காலைக் கீறித் திறக்க வேண்டும் என்பது அவருடைய கணக்காம். எங்களுக்கு அது பிறகுதான் தெரியும். பின்னேரம் வேலை முடிந்து, கார்த் திறப்பைக் கையில் எடுத்தபடி, இரவு வேலைக்கு வந்த டொக்டர் லக்ஷனிடம் சொன்னார்:

"ஏழாம் கட்டிலைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ."

"ஓம் ஓம், நீங்கள் போட்டு வாங்கோ."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். கலியாண வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். என்னத்தைப் பார்க்க என்று யார் கேட்கிறார்கள்? லக்ஷனும் கேட்கவில்லை.

பொழுதுபட, வீக்கம் கோட்டைத் தாண்டிவிட்டது. கோடு ஏதோ கட்டுப் போடுகிற அடையாளம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனாலும் லக்ஷனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மருந்து ஏத்தியிருக்கு அக்கா. பயப்பிடாதேங்கோ, வத்தும்" என்றார்.

விடிய வந்த யோகநாதன் காலைப் பார்த்ததும் கத்தினார். "ஏன் எனக்குப் போன் எடுக்கேல்ல?"

"பாத்துக்கொள்ளச் சொன்னனீங்கள் சேர். நான் ரெண்டு தரம் வந்து பாத்தனான்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அன்றைக்கே முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

போன கிழமை எங்களை ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலை மாறும்போது டொக்டர்மார் நோயாளியை ஒப்படைக்கிற முறையைத் திருத்திவிட்டார்களாம். எதைப் பார்க்க வேண்டும், என்ன நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று போகிறவர் சொல்ல, வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஒரு நிமிசம்தான் எடுக்கும்" என்று யோகநாதன் மேடையில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். இவரும் ஊன்றுகோலை மடியில் வைத்துவிட்டுத் தட்டினார். எனக்குக் கை எழவில்லை. ஒரு நிமிசமாம்!

வெளியே இவரை ஓட்டோவில் ஏற்றும்போது யோகநாதன் ஓடி வந்து தாங்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அப்ப தங்கச்சி, தம்பியைப் பாத்துக்கொள்ளுங்கோ."

நான் ஓட்டோவில் ஏறவில்லை.

"என்னத்தைப் பாக்கோணும் டொக்டர்? கடலுக்குப் போகேலாமல் விடியவிடிய முழிச்சிருக்கிறதையோ? இல்லாத காலைச் சொறிஞ்சு விடச் சொல்லி அழுறதையோ? ஒரு நிமிசம் நிண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ. நான் திருப்பிச் சொல்லுறன்."