அட்டை ஒட்டிய இடம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அன்று காலை தலைமை ஆசிரியையின் அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அக்கா. எங்களுக்கு நடுவில் அவள் மகள் குட்டி. ஐந்து வயதாகியும் வாய் திறக்காதவள்.

பேசாத பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி எங்கள் பக்கத்தில் இது ஒன்றுதான். அட்டையிலுள்ள சொல்லைப் படித்து அது எதுவென்று தொட்டுக் காட்ட வேண்டும், ஒன்று தப்பினாலும் இடமில்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை. இதற்காகவே லீவு போட்டு முந்தாநாள்தான் வந்து இறங்கினாள். குட்டியை வளர்த்தது, படிக்க வைத்தது எல்லாம் நான். எழுத்து எழுத்தாக வேண்டாம், முழுச் சொல்லாகக் கண்ணில் பதியட்டும் என்று வீட்டுப் பொருளிலெல்லாம் பெயர் எழுதிய அட்டை ஒட்டினேன். அதே சொல் எழுதிய இன்னொரு அட்டையைக் காட்டினால் குட்டி போய் அந்தப் பொருளைத் தொடுவாள். வீடா, இல்லை கடையா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். போடி என்றேன்.

தலைமை ஆசிரியை முதல் அட்டையைத் தூக்கினார். கதவு. குட்டி எழுந்து விறுவிறுவென்று வாசல் பக்கம் போனாள். ஓடிவிடப் போகிறாள் என்று ஆயா குறுக்கே வந்தார். நல்லவேளை, கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து நின்றாள். நாற்காலி, ஜன்னல், மேசை, எல்லாம் சரி.

கடைசி அட்டை, அம்மா.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். குட்டி அவளைத் தாண்டி வந்து, என் மடியிலிருந்த போனைத் தொட்டாள்.

“தப்பு,” என்றார் தலைமை ஆசிரியை, மெதுவாகத்தான்.

என்னால் அடக்க முடியவில்லை. “தப்பு இல்ல மேடம். எங்க வீட்டுல இவ அம்மா இதுக்குள்ளதான் இருக்கா. வேற எதுல ஒட்டுறது?”

சொன்ன பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் அந்த அட்டையைக் கேட்டு வாங்கினாள். தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அட்டையைத் தன் நெஞ்சில் குத்திக்கொண்டு குட்டியின் முன்னால் மண்டியிட்டாள்.

“இனிமே இங்கடா, தங்கம்.”

குட்டி போனைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். ஒரு விரலால் அதைத் தொட்டாள், கதவைத் தொட்ட மாதிரியேதான். தொட்டுவிட்டு, அடுத்த அட்டைக்காகப் போய் நின்றுகொண்டாள்.

அதையே சரியென்று எடுத்துக்கொண்டு இடம் கொடுத்துவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் எல்லாரும் அக்காவையே பார்த்தார்கள். அவள் அந்த அட்டையைக் கழற்றவே இல்லை.