நாகலெட்சுமியின் முத்திரை

மூக்கன் அண்ணன் வாசலோரம் பலகையில் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் சுலக்ஷனா அடுப்புப் பக்கம், விறகுக் கட்டின்மேல். எழுதுகிறவள் என்பதால் இருந்த ஒரே கதிரையை எனக்குத் தந்திருந்தார்கள். எங்கள் பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்தில் சிங்களத்தில் கடிதம் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மேசைமேல் அந்தத் தபால் முத்திரை இருந்தது. மலையக மக்களைக் கௌரவிக்க வெளியிட்டது. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண், நெற்றியில் கூடைக்கயிறு. கீழே மூன்று மொழியிலும் நாட்டின் பெயர். பெண்ணின் பெயர் இல்லை.

அவள் மூக்கன் அண்ணனின் மனைவி நாகலெட்சுமி. மலைக்கு வந்த யாரோ ஒருவர் படம் எடுத்துப் போனதை அன்றைக்கே வீட்டில் சொல்லியிருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கக்கூட விடவில்லையாம், அதுதான் அவளுக்குக் குறை.

போன மழைக்கு மண் சரிந்து லயத்து வீட்டோடு அவளையும் கொண்டுபோனது. உடல் கிடைத்தது. வீட்டிலிருந்த போட்டோ ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வருசத் திதி. மாலை போட ஒரு படம் வேண்டும். அட்டன் ஸ்டூடியோவில் முத்திரையைப் பெருப்பித்துப் பார்த்தார்கள். முகம் போய் வெறும் மைப்புள்ளிகள்தான் வந்தன.

அதனால், இது என் தாய், மூலப் படம் தாருங்கள் என்று சுலக்ஷனா கொழும்புத் தபால் திணைக்களத்துக்கு என்னைக் கொண்டு எழுதுவித்தாள். பதிலும் வந்தது. ஓவியம் எந்தத் தனிநபரையும் குறிப்பதல்ல, தோட்டப் பெண்ணின் பொது உருவம் என்றிருந்தது.

இன்று மறுபடி எழுத உட்கார்ந்தோம். முத்திரையிலும் தெரிகிற, அம்மாவின் கிழிந்த இடது காதைப் பற்றி எழுதச் சொன்னாள் சுலக்ஷனா. கூடக் கொழுந்தெடுத்தவர்களின் கையெழுத்தும் வாங்குவதாகச் சொன்னாள். பாதிப் பக்கம் எழுதியிருப்பேன்.

"அத வெட்டிருங்க தங்கச்சி" என்றார் மூக்கன் அண்ணன். "யாரோ ஒரு பொம்பளன்னே எழுதுங்க. அந்தப் படத்துல ஒரு பிரதி மட்டும் கேளுங்க. பேரச் சொன்னா, காசு கேக்க வாறோம்னு பயப்படுறாங்க."

"அம்மா யாரோவாப்பா?"

அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"பிரஜாவுரிமை கெடைக்கிற வரைக்கும் யாரோவாத்தான இருந்தா. இன்னொரு தடவ இருந்துட்டுப் போறா. மாலை போட மூஞ்சி வேணும் புள்ள. பேரு நமக்குத் தெரியும்."

சுலக்ஷனா எழுந்து தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போய்விட்டாள். நான் புதுத் தாள் எடுத்து, முத்திரையிலுள்ள பெண்ணின் படம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஒரு பிரதி கிடைத்தால் உதவியாக இருக்கும் என்று எழுதினேன். திரும்பி வந்தவள் ஈர முகத்தோடு இரண்டு முறை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

உறையில் ஒட்ட அந்த முத்திரையை நாக்கருகே கொண்டுபோனாள். மூக்கன் அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பானையிலிருந்து சோற்றுப் பருக்கை எடுத்து நசுக்கி, எச்சில் படாமல் அவரே ஒட்டினார். உறையின் வாயையும் அதே சோற்றால் மூடினார்.

தபால் கந்தோரில் அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டார், மூஞ்சியில குத்தாதீங்க மாத்தயா என்று. அது யாரென்று அதிகாரி கேட்கவில்லை. சீல் கட்டையை ஓரமாக வைத்து அழுத்தினார். கறுப்பு வட்டம் நாட்டின் பெயரில் பாதியையும் கூடையையும் மூடியது. கயிறு பதிந்த நெற்றியைத் தொடவில்லை.

கடிதம் பைக்குள் விழுந்தது.